தீ வரும் முன் கிளம்பிவிடுவது: விக்டோரியா கிராமப்புற வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மெல்பனுக்கு வடக்கே ஐந்து ஏக்கர் நிலத்தில் ஒன்பது கோடைகளைக் கழித்திருக்கிறோம். அதில் ஐந்து முறை மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினோம். ஐந்து முறையும் வீடு அப்படியே இருந்தது. ஒருமுறை மட்டும் எதிர்ச் சாலை வரைக்கும் புல் கருகியிருந்தது. நகரத்திலிருந்து நிலம் வாங்கிக்கொண்டு வந்த நம்மவர்கள் ஏழெட்டுக் குடும்பங்களோடு உட்கார்ந்து அவர்களுடைய திட்டத்தை எழுதவும் உதவியிருக்கிறேன். எல்லோரும் தடுக்கி விழும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான்.

வீட்டிலேயே தங்கித் தீயை எதிர்த்து நிற்க நினைப்பவர்களுக்கு இது உதவாது. அதற்குப் பயிற்சி, பம்பு, பத்தாயிரக்கணக்கில் லிட்டர் தண்ணீர், நாள் முழுக்கத் தாங்கும் உடம்பு எல்லாம் வேண்டும். இது கிளம்புகிறவர்களுக்கு. பெரும்பாலோர் பெட்டி கட்டுவதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். இங்கே பெட்டி ஐந்தாவதாக வரும், காரணத்தோடுதான். முதல் ஆறு படிகளை நவம்பருக்குள் முடித்துவிடுங்கள்.

1. எந்த நாளில் கிளம்புவது என்பதை எழுதி வையுங்கள்

“தீ கண்ணில் பட்டதும் கிளம்பிவிடுவோம்.” புதிதாக வரும் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். “எங்களைச் சுற்றிக் காடே இல்லையே, வெறும் புல்தானே” என்று சேர்த்தும் சொல்வார்கள். புல்வெளித் தீ மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். மேட்டில் ஏறும் தீக்கு ஒவ்வொரு 10 டிகிரி சரிவுக்கும் வேகம் இரட்டிப்பாகும். காற்றில் பறக்கும் கங்குகள் தீக்குப் பல கிலோமீட்டர் முன்னாலேயே விழுந்து புதுத் தீயைப் பற்றவைக்கும். கண்ணில் பட்ட பிறகு உங்களுக்கு மிஞ்சுவது நிமிடங்கள்தான்.

அதனால் தீயைப் பார்க்காமல் தேதியைப் பார்த்துக் கிளம்ப வேண்டும். அதற்கு இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

ஒன்று, தீ அபாய நிலை. மாடரேட், ஹை, எக்ஸ்ட்ரீம், கேட்டஸ்ட்ரோஃபிக் என்று நான்கு படிகள். 2022 செப்டம்பரிலிருந்து நாடு முழுக்க இதுதான். எங்கும் தீ எரிகிறது என்று இது சொல்லவில்லை. இன்றைய வெயிலிலும் காற்றிலும் ஒரு தீ பற்றினால் எவ்வளவு மோசமாகும் என்று சொல்கிறது. நான்கு நாள் முன்னதாகவே கணிப்பு கிடைக்கும்.

இரண்டாவது, எச்சரிக்கை. அட்வைஸ், வாட்ச் அண்ட் ஆக்ட், எமர்ஜென்சி வார்னிங் என்று மூன்று படிகள். இது வந்தால் எங்கோ நிஜமாகவே எரிகிறது என்று பொருள். இந்த மூன்றும் வரிசையாகத்தான் வரும் என்று நம்பிவிடாதீர்கள். எடுத்த எடுப்பிலேயே எமர்ஜென்சி வார்னிங் வரலாம், எச்சரிக்கை வருவதற்குள் தீயே வந்துவிடவும் கூடும்.

விக்டோரியாவை ஒன்பது வானிலை மாவட்டங்களாகப் பிரித்து இந்த அபாய நிலையை அறிவிக்கிறார்கள். உங்கள் கவுன்சில் எந்த மாவட்டத்தில் வருகிறது என்று இன்றே பார்த்து வையுங்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் இரண்டு கோடைகள் தவறான மாவட்டத்தின் கணிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருப்பது இவ்வளவுதான்: கேட்டஸ்ட்ரோஃபிக் என்றால் முந்தைய இரவே. எக்ஸ்ட்ரீம் என்றால் காலை 9 மணிக்குள். மற்ற நாளில் நம் பகுதிக்கு அட்வைஸ் வந்தால் பெட்டி காருக்குப் போக வேண்டும், ஆடுகளை மாற்ற வேண்டும். வாட்ச் அண்ட் ஆக்ட் வந்தால் கிளம்ப வேண்டும். “நிலைமையைப் பொறுத்து” என்ற சொல் இந்தத் தாளில் இருக்கக் கூடாது. நாற்பத்து மூன்று டிகிரி வெயிலில், அலறும் காற்றில், யாராலும் நிதானமாக யோசிக்க முடியாது. யோசனையை அக்டோபரிலேயே முடித்து வைப்பதற்குத்தான் இந்தத் தாள்.

இன்னொன்று: முடிவெடுப்பவர் அப்போது வீட்டில் இருப்பவராக இருக்க வேண்டும். என் கணவர் நகரத்தில் வேலை செய்கிறார். முதல் வருடம் அவரைக் கேட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று முக்கால் மணி நேரம் போனும் கையுமாக நின்றேன். மின்சாரம் போனால் செல்போன் கோபுரமும் கொஞ்ச நேரத்தில் போய்விடும். யாராவது வந்து கதவைத் தட்டிச் சொல்வார்கள் என்றும் காத்திருக்காதீர்கள். 2009 பிப்ரவரி 7 அன்று விக்டோரியாவில் மூண்ட காட்டுத்தீயில் இறந்த 173 பேரில் 113 பேர் வீடுகளுக்குள் இறந்தவர்கள்.

2. எங்கே போவது, எந்த வழியில்

சேருமிடம் ஒரு வீடாக இருக்கட்டும். மரமும் புல்லும் சூழாத, ஊருக்குள் இருக்கும் நண்பர் அல்லது உறவினர் வீடு. அவர்களிடம் நவம்பரிலேயே வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்: “ஒரு கோடையில் மூன்று நான்கு முறை வருவோம், சில சமயம் முன்னிரவில், பூனையோடு.” இதைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் பலர் கிளம்பாமலே இருந்துவிடுகிறார்கள். கேட்டு வைத்தால் அந்தக் கூச்சம் ஒரு தடவையோடு தீர்ந்துவிடும். முதலாம் வீடு தீயின் திசையிலேயே இருந்தால் என்ன செய்வது? அதற்காக எதிர்த்திசையில் இரண்டாவதாக ஒன்று.

நிவாரண மையத்தை முதல் சேருமிடமாக வைக்காதீர்கள். தீ தொடங்கிய பிறகுதான் அவை திறக்கும், எங்கே என்பதும் அப்போதுதான் தெரியும். ‘கடைசிப் புகலிடம்’ என்று கவுன்சில் குறித்து வைத்திருக்கும் மைதானம் அல்லது கட்டடம் வேறு விஷயம். எல்லாத் திட்டமும் பொய்த்த பிறகு உயிரை மட்டும் காப்பாற்றிக்கொள்ள ஒதுங்கும் இடம் அது. அங்கே சாப்பாடு, கழிப்பறை, நாய்க்கு இடம் எதுவும் உறுதியில்லை. அது எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்திருங்கள், அவ்வளவுதான்.

வழிகள் இரண்டு வேண்டும், இரண்டிலும் பகலில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஒரே சாலையுள்ள ஊரில் என்ன ஆகும் என்பதற்குக் கிழக்கு விக்டோரியாவின் கடலோர ஊரான மல்லகூட்டா போதும். 2019 டிசம்பர் 29 அன்றே கிழக்கு கிப்ஸ்லாந்தைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். 31ஆம் தேதி காலையில் சுமார் 4,000 பேர் கடற்கரையோரத்தில் சிக்கிக்கொண்டார்கள்; அவர்களில் பலரை ஜனவரி 3ஆம் தேதி கடற்படைக் கப்பல் ஏற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. உங்கள் இடத்துக்கு ஒரே சாலைதான் என்றால் ஃப்ரிட்ஜில் உள்ள நேரத்தை இன்னும் முன்னுக்குத் தள்ளுங்கள்.

3. ஆட்களைக் கணக்கெடுங்கள்

எத்தனை பேர், எத்தனை சீட், யார் ஓட்டுவது? டிசம்பர் ஜனவரியில்தான் ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்குவார்கள். தீக்காலத்தின் உச்சமும் அதுதான். ஓட்டத் தெரியாத, ஆங்கிலம் அதிகம் பேசாத இரண்டு பெரியவர்களை நிலத்தில் விட்டுவிட்டு இருவரும் வேலைக்குப் போவது, அபாய நிலை எக்ஸ்ட்ரீமைத் தொடும் நாளில் நடக்கவே கூடாது. அன்று அவர்களையும் காலையிலேயே ஊருக்குள் கூட்டிப் போய்விடுங்கள்.

அவர்கள் போனில் தீ எச்சரிக்கைகளை அனுப்பும் விக்எமர்ஜென்சி என்ற அரசுச் செயலியைப் போட்டு, வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்து வையுங்கள். 1800 226 226 என்பது விக்எமர்ஜென்சி எண். தமிழில் கேட்க வேண்டுமென்றால் முதலில் 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, “டமில்” என்று சொல்லி, அந்த எண்ணுக்கு இணைக்கச் சொல்லலாம். ஒருமுறை அழைத்துப் பழக்கிக் காட்டுங்கள். உயிர் ஆபத்துக்கு 000. பாட்டரியில் ஓடும் ரேடியோ ஒன்றை வாங்கி, உள்ளூர் ஏபிசி வானொலியின் அலைவரிசை எண்ணை அதன் மேலேயே எழுதி ஒட்டுங்கள். மின்சாரமும் செல்போனும் போன பிறகு அதுதான் பேசும்.

பள்ளிக்கூடத்தையும் விசாரியுங்கள். அபாயப் பட்டியலில் உள்ள பள்ளிகள் கேட்டஸ்ட்ரோஃபிக் நாளில் மூடியிருக்கும். மற்ற நாளில் தீ வந்தால் பிள்ளையைக் கூப்பிட ஓடாதீர்கள். பள்ளிக்குச் சொந்தத் திட்டம் இருக்கும், நீங்கள் எதிரே வந்தால் சாலைதான் அடைபடும்.

4. ஆடு, கோழி, குதிரை, பூனை

கிளம்புவதைத் தாமதப்படுத்துவதில் முதலிடம் இவற்றுக்குத்தான். அதனாலேயே பெட்டிக்கு முன்னால் வருகிறது.

எங்களிடம் எட்டுச் செம்மறிகள். அவற்றைக் கொண்டு போவதில்லை. வீட்டுக்கு மேற்கே ஒரு பேடக்கை (வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தை) நவம்பரிலிருந்தே மொட்டையாக மேயவிட்டு வைப்போம். எரியப் புல் இல்லாத இடத்தில் தீக்கு வேலை இல்லை. தொட்டியில் இரண்டு நாளுக்கான தண்ணீர், உள் கேட்டுகளெல்லாம் திறந்து, சாலைப்பக்க வேலி மட்டும் மூடி. புதிதாக வருகிறவர்கள் பாசத்தில் ஆட்டைக் கொட்டகைக்குள் அடைத்துப் பூட்டுகிறார்கள். அது தப்பவே முடியாத பொறி. சாலையில் திறந்துவிடுவதும் தப்பு. புகையில் வரும் கார் அதன் மேல் மோதும்.

மின்சாரம் போனால் போர் பம்பு நிற்கும், தானாக நிரம்பும் தொட்டி நிரம்பாது. முந்தைய நாளே நிரப்பி வைக்கச் சொல்வது அதனால்தான்.

குதிரை இருந்தால் முந்தைய நாளே அனுப்புங்கள். காற்று கிளம்பிய பிறகு, பழக்கமில்லாத குதிரையை ஃப்ளோட்டில், அதாவது குதிரை ஏற்றும் டிரெய்லரில், ஏற்றுவது நடக்காத காரியம். டிரெய்லரைப் பின்னுக்கு எடுக்கவும் அந்த நாளில் கற்றுக்கொள்ள முடியாது. விட்டுப் போவதாக இருந்தால் நைலான் போர்வை, முகவலை, கழுத்துக் கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். நைலான் உருகித் தோலில் ஒட்டும், இரும்புக் கொக்கி சூடேறிப் பொசுக்கும்.

நாயும் பூனையும் முந்தைய இரவிலிருந்தே வீட்டுக்குள். பூனைக்கூண்டைப் பற்றி ஆறாவது படியில் சொல்கிறேன்.

5. பெட்டி

ஒரே பெட்டி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா. கனம், ஒருவர் தனியாகத் தூக்கக்கூடியதாக. உள்ளே: பாஸ்போர்ட்டுகள், விசா அல்லது குடியுரிமைச் சான்று, காப்பீட்டுத் தாள், ஊரில் உள்ள சொத்துப் பத்திரம், நகை, ஹார்டு டிஸ்க், மூக்குக்கண்ணாடி, காது மிஷினுக்குப் பாட்டரி, சார்ஜர், 300 டாலர் ரொக்கம். மின்சாரம் இல்லாத ஊரில் கார்டு தேய்க்க முடியாது, பெட்ரோல் பம்பும் ஓடாது. அதனால் கோடை முழுக்கக் கார் டாங்க் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது. மின்சாரக் கார் என்றால் கெட்ட நாளுக்கு முந்தைய இரவு முழு சார்ஜ்.

மருந்தை மட்டும் பெட்டியில் நிரந்தரமாக வைக்காதீர்கள், காரில் அறவே வேண்டாம். வெயிலில் நிற்கும் காருக்குள் இன்சுலின் வீணாகிவிடும். டப்பா மூடியில் ஒரு சீட்டு: “ஃப்ரிட்ஜில் இன்சுலின், அத்தையின் மாத்திரை மேசை இழுப்பறையில்.”

காப்பீட்டை இப்போதே பாருங்கள். தீ கிளம்பிய பிறகு வாங்க முடியாது. பல பாலிசிகளில் வாங்கிய முதல் 72 மணி நேரத்துக்குக் காட்டுத்தீ சேதம் சேராது. வீட்டின் ஒவ்வொரு அறையையும் அலமாரியைத் திறந்து வைத்து வீடியோ எடுத்து, மேகச் சேமிப்பில் ஏற்றிவிடுங்கள். பத்து நிமிட வேலை.

தனியாக ஒரு பையில் ஆளுக்கு ஒரு செட் உடை: முழுக்கைப் பருத்திச் சட்டை, ஜீன்ஸ், தோல் பூட்ஸ், கம்பளி. பி2 முகமூடியும். இங்கே நம் வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. பாலியெஸ்டர் நைட்டியும் ரப்பர் செருப்புமாகத்தான் பெரியவர்கள் வீட்டில் இருப்பார்கள். தீயின் அனல் பத்து மீட்டருக்கு அப்பாலிருந்தே சுடும், பாலியெஸ்டர் உருகும். கிளம்புவது காலையில், தீ எங்கோ தூரத்தில் என்றாலும், அந்த உடையைப் போட்டுக்கொண்டே காரில் ஏறுங்கள்.

6. ஒத்திகை

இதைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள். தாளில் எல்லாம் சரியாக இருக்கும்.

எங்கள் முதல் ஒத்திகையில் இருபது நிமிடம் ஆகும் என்று கணக்குப் போட்டோம். ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆனது. ஷெட்டிலிருந்து கூண்டைக் கொண்டுவந்து தரையில் வைத்ததும் பூனை கட்டிலுக்கு அடியில், சுவரை ஒட்டிய மூலைக்குப் போய்விட்டது. கட்டிலை நகர்த்தினால் அதுவும் கூடவே நகர்ந்தது. கடைசியில் துடைப்பம், டார்ச், மீன் டப்பா மூன்றும் வேண்டியிருந்தது. முழங்கை வரைக்கும் கீறல். இருபத்தைந்து நிமிடம் அதற்கே போனது. அப்புறம் மின்சார கேட். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுச் செய்தோம், கேட் திறக்கவில்லை. கையால் திறக்கும் சாவி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அது பிளாஸ்டிக் உறையோடு, வீட்டை விற்றவர் விட்டுப்போன கையேட்டுக்குள் இருந்தது.

அதனால் மெயினை அணைத்துவிட்டுத்தான் ஒத்திகை பாருங்கள். காரேஜ் கதவும் கேட்டும் கையால் திறக்கிறதா? வீட்டில் வலு குறைந்தவராலும் திறக்க முடிகிறதா? பூனைக்கூண்டைக் கோடை முழுக்க ஹாலில் திறந்தே வையுங்கள், உள்ளே ஒரு பழைய துண்டைப் போட்டு. இரண்டு வாரத்தில் பூனை அதிலேயே தூங்கும். நான்காவது ஒத்திகையில் நாங்கள் முப்பத்தைந்து நிமிடத்துக்கு வந்தோம். உங்கள் நேரம் எதுவோ, அதை இரட்டிப்பாக்கி எழுதிக்கொள்ளுங்கள்.

7. முந்தைய நாள்

நாளைக்கு எக்ஸ்ட்ரீமோ அதற்கு மேலோ என்று தெரிந்ததும்: தொட்டிகளை நிரப்பு, ஆடுகளை மொட்டைப் பேடக்குக்கு மாற்று, காரை முகம் சாலையைப் பார்க்க நிறுத்து, போன்களைச் சார்ஜ் போடு, சேருமிடத்துக்குச் சொல்லு. மாலைக்குள் முடியும்.

அப்படிப்பட்ட நாளுக்கு டோட்டல் ஃபயர் பேன், அதாவது தீ மூட்ட முழுத் தடை, அறிவித்திருப்பார்கள். வெளியில் விறகு வைத்து எதுவும் எரிக்கக் கூடாது. பொங்கல் அந்த நாளில் விழுந்தால் பானை வீட்டுக்குள் அடுப்பில்தான் பொங்கும். இரும்பு அறுப்பது, வெல்டிங், கிரைண்டர் எல்லாவற்றுக்கும் தடை. “வெளியில் சும்மா ஒரு நிமிஷ வேலைதான்” என்பதில் எத்தனையோ தீ பற்றியிருக்கிறது.

8. கிளம்பும் காலை: வெளியிலிருந்து உள்ளே

வரிசை இதற்கு முக்கியம். முதலில் வெளி வேலை, அப்போது காற்று குறைவு. கால்மிதி, பிளாஸ்டிக் நாற்காலி, மெத்தை, துடைப்பம், பூந்தொட்டி, சுவரோரம் விறகு, எல்லாவற்றையும் வீட்டைவிட்டுத் தள்ளி வையுங்கள். பெரும்பாலான வீடுகள் கங்கு விழுந்துதான் பற்றுகின்றன. அந்தக் கங்கு தங்குவதற்குத் தேங்காய் நார்க் கால்மிதியைவிட நல்ல இடம் கிடையாது. கூரையோர மழைநீர்க் கட்டரில் இலை வாருவதும் புல்லைப் பத்து சென்டிமீட்டருக்குக் கீழே வெட்டுவதும் வாரக்கணக்கில் முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலைகள். இன்று ஏணியில் ஏறாதீர்கள்.

அடுத்து கேஸ் சிலிண்டரை அதன் தலையிலேயே மூடுங்கள். கூரையில் எவாப்பரேட்டிவ் கூலர் இருந்தால் அணையுங்கள். ஓடும் கூலர் கங்கை உள்ளே இழுக்கும். பின்பு உள்ளே வந்து சன்னல், கதவு எல்லாம் மூடி, திரைச்சீலையையும் சோபாவையும் சன்னலைவிட்டு நகர்த்துங்கள்.

கடைசியாகப் பூஜை அறை. ஒரு வெள்ளிக்கிழமை நான் பெட்டியை ஏற்றிவிட்டுத் திரும்பினால், அத்தை அப்போதுதான் நிதானமாக விளக்கேற்றிக்கொண்டிருந்தார். “வெள்ளிக்கிழமையும் அதுவுமா விளக்கை அணைச்சுட்டுப் போகச் சொல்றியா?” “மலையேத்திடுங்க அத்தே, வழியில முருகன் கோயில் இருக்கு, அங்க ஏத்திக்கலாம்” என்றேன். அது நிஜமில்லை, நாங்கள் போனது வேறு பக்கம். ஆனால் கிளம்பினோம். உங்கள் வீட்டில் இந்தப் பேச்சை முந்தைய இரவே முடித்து வையுங்கள்.

சாலைக் கேட்டைச் சாத்துங்கள், பூட்டாதீர்கள். தீயணைப்பு வண்டி நுழைய வேண்டும். “கிளம்பிவிட்டோம்” என்று பக்கத்து வீட்டாரிடமும் சேருமிடத்திலும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் உங்களைத் தேடி யாரோ உள்ளே வருவார்கள்.

9. வழியில் சிக்கினால்

சரியான நேரத்தில் கிளம்பியவருக்கு இது தேவைப்படாது. தெரிந்து வைத்திருங்கள்.

புகை தடித்தால் முகப்பு விளக்கும் ஹசார்ட் விளக்கும் எரியட்டும், வேகத்தைக் குறையுங்கள். திரும்ப முடிந்தால் திரும்பிவிடுங்கள். முடியாவிட்டால் மரமும் உயரப் புல்லும் இல்லாத வெட்டவெளியில், காரின் முகம் தீ வரும் திசையைப் பார்க்க நிறுத்துங்கள். கண்ணாடிகளை மூடி, காற்றுத் துவாரங்களை அடைத்து, சன்னல் மட்டத்துக்குக் கீழே குனிந்து கம்பளியால் மூடிக்கொள்ளுங்கள். தீமுகம் கடந்து போகும்வரை கதவைத் திறக்காதீர்கள். தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். கார் முழுப் பாதுகாப்பு கிடையாது. ஆனால் காரைவிட்டு இறங்கி ஓடுவது அதைவிட மோசம்.

விக்டோரியாவில் ஒன்றை மறக்கக் கூடாது. கெட்ட நாளில் காலை முழுக்க வடக்கிலிருந்து வெந்த காற்று அடிக்கும், பிற்பகலிலோ மாலையிலோ தென்மேற்குக்குத் திரும்பும். குளிர்ச்சியாக இருக்கும், அப்பாடா என்று தோன்றும். ஆனால் அதுவரை நீளவாக்கில் ஓடிய தீயின் பக்கவாட்டு முழுவதும் அந்த நிமிடத்தில் முகமாக மாறி வடகிழக்கே கிளம்பும். காற்று திரும்பிவிட்டது என்று வீட்டுக்குக் கிளம்புவது பெரிய தப்பு.

10. திரும்பி வருவது

செயலியில் திரும்பலாம் என்று வந்த பிறகுதான். சாலைத் தடுப்பில் முகவரிச் சான்று கேட்கலாம். லைசென்ஸில் இன்னும் பழைய மெல்பன் முகவரி இருந்தால் அங்கே நின்று வாதாட வேண்டியிருக்கும், இப்போதே மாற்றிவிடுங்கள். எரிந்த பகுதியில் மரங்கள் நாள்கணக்கில் சாயும், அடிக்கட்டை உள்ளுக்குள் புகையும், பிள்ளைகளை இறக்கிவிடாதீர்கள். கூரையில் சாம்பல் படிந்திருந்தால், அடுத்த மழைக்கு முன் தொட்டிக்குப் போகும் குழாயைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் குடிதண்ணீர் மொத்தமும் கெடும்.

ஒன்றும் ஆகாமல் திரும்பும்போது சலிப்பு வரும். மூன்றாவது முறை எங்களுக்கும் வந்தது. அன்றைக்கே, காரிலிருந்து இறக்கும்போதே, டப்பாவில் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து வாசலருகே வையுங்கள். யாரோ வங்கிக்கு என்று பாஸ்போர்ட்டை எடுத்துப் போயிருப்பார்கள். ரேடியோ பாட்டரியை மாற்றுங்கள், பெட்ரோல் போடுங்கள். பூனைக்கூண்டை மட்டும் ஷெட்டுக்கு அனுப்பாதீர்கள். தீ மூட்டத் தடையுள்ள காலம் முடிகிறவரை அது ஹாலிலேயே கிடக்கட்டும், கதவு திறந்தபடி.